மணிப்பூரின் பந்தாட்ட மங்கை

தமிழ் மகளிர்க்குப் பந்தாட்டம் புதியதன்று. சங்கச் சான்றோர் காட்டும் பெண்கள் பந்தாடினர், கழங்காடினர். இளங்கோவடிகளோ சிலப்பதிகார வாழ்த்துக் காதையிற் கந்துகவரி என ஒரு பகுதியையே அமைத்தார். கந்துகம் என்பது பந்து. இவற்றையெல்லாம் வகுப்பறையில் வியந்து பாடஞ்சொல்லும் நாம், நம் வீட்டுப் பெண்பிள்ளை பன்னிரண்டு வயதைக் கடந்ததும் அவள் கைப்பந்தை வாங்கி வைத்துவிடுகின்றோம். அங்ஙனம் வாங்கி வைக்கப்படாத பந்து ஒரு பெண்ணை எத்துணைத் தொலைவு கொண்டு செல்லும் என்பதற்கு ஙாங்கோம் பாலா தேவியின் வரலாறு தக்க சான்றாகும்.

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் உள்ளது மணிப்பூர். அங்கே லோக்டாக் ஏரியை அணைத்துக் கிடக்கும் பிஷ்ணுபூர் மாவட்டத்தில், இரெங்பாம் என்னும் சிற்றூரில், 1990 பெப்ரவரி 2இல் இவர் பிறந்தார். சிறு வயதில் ஊர்ப் பையன்களோடு கலந்தே பந்துதைத்துப் பழகினார். பெண்களே வாணிகம் நடத்தும் பெருஞ்சந்தை தலைநகராகிய இம்பாலில் உண்டு. அத்தகைய நாட்டில் ஒரு பெண் வெளியில் வந்து ஆடுதல் அத்துணை விந்தையாகத் தோன்றவில்லை போலும். பதினைந்தாம் வயதிலேயே இந்திய அணியில் இடம் பெற்றார்.

உதைபந்தாட்டத்தில் முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவர்க்கு வேண்டுவன மூன்று: பந்து வருமிடத்தை முன்னறியும் கண், காலின் விரைவு, கலங்காத நெஞ்சம். மூன்றும் இவர்க்கு வாய்த்திருந்தன. 2014இல் இஸ்லாமாபாத்தில் நடந்த தெற்காசிய மகளிர் போட்டியில் இவர் அடித்த கோல்கள் 16. 2018–19 இந்திய மகளிர் லீக்கில் மணிப்பூர்ப் பொலிஸ் அணிக்காக 26 அடித்தார். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் அவ்வணியை 3–1 என வென்று கிண்ணம் கொண்டது தமிழ்நாட்டின் சேது அணி என்பது நமக்கு ஓர் இனிய செய்தி.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த மகளிர் லீக் தொடங்கியதே 2017இல்; அப்போது பாலா தேவிக்கு வயது இருபத்தேழை நெருங்கியிருந்தது. 2009இலோ, நெடுங்காலம் ஆட்டமே ஆடாமையால், இந்திய மகளிர் அணி உலகத் தரவரிசையிலிருந்து நீக்கப்பட்டது. ஆடுவார் இருந்தனர், ஆட்டுவிப்பாரே இல்லை. ஓர் ஆட்டக்காரியின் கால்கள் உரம் பெற்றிருக்கும் ஆண்டுகள் சிலவே. அவை அங்ஙனம் கழிந்தமையை எக்கோலும் ஈடுசெய்யாது.

2020 ஜனவரியில், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ரேஞ்சர்ஸ் கழகம் இவரை ஒப்பந்தஞ் செய்தது. ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்திய உதைபந்தாட்ட வீராங்கனை இவரே. அணிந்த சட்டை எண் 10. நோய்த்தொற்று ஆட்டங்களை நிறுத்தியது, இவர் காத்திருந்தார். அவ்வாண்டு டிசம்பரில், மதர்வெல் அணியை 9–0 என வென்ற ஆட்டத்தில் முதற் கோலை அடித்தார். பின்னர் முழங்கால் காயம் களத்தினின்றும் பிரித்தது. மீண்டு வந்து, 2024இல் காட்மாண்டுவிற் பாகிஸ்தானை 5–2 என இந்தியா வென்றபோது, முப்பத்துநான்கு வயதினராய் மீண்டும் ஒரு கோல் அடித்தார்.

இத்தடைகள் ஒரு நாட்டிற்கே உரியனவல்ல. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1921இல் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மறுத்து, ஐம்பதாண்டு அளவும் அவ்வாறே வைத்திருந்தது. பிரேசில் 1941 முதல் 1979 வரை சட்டத்தாலேயே தடுத்தது. அதே பிரேசிலில் 1986இற் பிறந்த மார்த்தா என்பார், உலகக்கிண்ண ஆட்டங்களில் 17 கோல்கள் அடித்து, ஆண்களையும் விஞ்சிய சாதனையாளரானார். தடை நீங்கி நாற்பதாண்டு நிறைவதற்கு முன்னரே தடுத்த நாட்டின் புகழ் அவரால் ஓங்கியது.

பாலா தேவியின் வாழ்விலிருந்து ஆசிரியராகிய நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? திறமை அருமையானதன்று, அதற்கு இடமளித்தலே அரியது. 2010இல் மணிப்பூர்ப் பொலிஸ் இவர்க்கு உத்தியோகம் அளித்தது. ஆட்டமும் சோறும் பகையாகாதிருக்க அதுவே வழி. தமிழ்நாட்டுக் கடலூர்ப் பகுதியைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் பொலிஸ் உதவி ஆய்வாளராய் இருந்துகொண்டே இந்திய அணிக்கு ஆடியவர். பதக்கம் தருவோர் பலர். பணி தருவோரே ஆட்டக்காரியை நிலைநிறுத்துவோர்.

கல்முனைக் கடற்கரை தொடங்கி நாவிதன்வெளி வயலோரம் வரை, மாலையிற் பையன்கள் பந்துதைக்கக் காண்கிறோம். வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும் பெண்பிள்ளைகளையும் காண்கிறோம். பெற்றோரின் அச்சத்தை நான் இகழேன். உடையும் ஒழுக்கமும் பற்றிய கவலை நியாயமானதே. ஆயின் தலையை மூடி ஆடுதற்கு 2014இலேயே உலக விதி இடந்தந்துவிட்டது. 2023 உலகக்கிண்ணத்தில் மொரோக்கோ நாட்டு நுஹைலா பென்சீனா அவ்வாறே களமிறங்கினார். ஆதலின், பள்ளி மைதானத்தில் வாரம் இரண்டு மாலை பெண்களுக்கென ஒதுக்குவோம். உடன் நிற்க ஓர் ஆசிரியையை அமர்த்துவோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும்.

அவர்களுள் ஒரு பாலா தேவி தோன்றுவாளோ மாட்டாளோ, அது பின்னர் அறியத்தக்கது. கந்துகவரியைப் பாடமாகக் கேட்கும் பெண், மாலையிற் கந்துகத்தோடு களத்தில் நிற்பாளாயின், அந்தப் பாடம் அன்றே முற்றுப்பெறும்.