தடைப் பலகையும் இரத்த தானமும்

ரயில் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் பலகையை மறக்க முடியாது. மண் சரிந்தாலோ, தண்டவாளம் மாற்றினாலோ அங்கே வேகத் தடை போட்டுப் பலகை நடுவோம். டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுப்போம். தடை போட ஒரு நிமிடம் போதும். எடுப்பதற்குத்தான் யாருக்கும் துணிவு வராது. எடுத்த மறுநாள் ஏதாவது நடந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தானே!

இரத்த தானத்திலும் இதே கதை உண்டு என்பது எனக்கு 1988-ல் தெரிந்தது. கட்னி - சிங்ரௌலி பாதையில் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்தேன். தண்டவாளம் இறக்கும்போது எங்கள் கேங்மேன் ஒருவருக்குத் தொடை நசுங்கிவிட்டது. ஜபல்பூருக்குக் கொண்டு வந்து சேர்த்தோம். உடனே இரத்தம் வேண்டும் என்றார்கள். என் பிரிவும் அவர் பிரிவும் ஒன்றுதான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே போனேன்.

"கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது?" என்று கேட்டார் டாக்டர். இரண்டு மாதம் முன்பு மலேரியா என்றேன். "நீங்கள் வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டார்.

செய்தி கேட்டு ராணுவ முகாமிலிருந்து ஆறு ஜவான்கள் வந்தார்கள். நல்ல வாலிபர்கள். ஆனால் அதில் மூன்று பேர் அஸ்ஸாம் பக்கம் பணி முடித்து அப்போதுதான் திரும்பியவர்கள். மூவருக்கும் மலேரியா வந்து போயிருந்தது. அவர்களும் என் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். மீதி மூவர் கொடுத்த இரத்தத்தில் எங்கள் ஆள் பிழைத்தார். நான்காவது பாட்டில் தேவைப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்த பெஞ்சு சமீபத்தில் மீண்டும் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் மாப்பிள்ளை, தன்னோடு வேலை பார்க்கும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவர் 1980-களில் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படைத் தளத்தில் பணி செய்தவர். அந்த ஒரு காரணத்துக்காகப் பல ஆண்டுகள் அவரால் இரத்தம் கொடுக்க முடியவில்லையாம்.

காரணம் மாட்டிறைச்சி! பிரிட்டனில் 1986-ல் மாடுகளுக்கு மூளையைத் தாக்கும் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 'பைத்தியக்கார மாட்டு நோய்' என்று பத்திரிகைகள் எழுதின. அந்த இறைச்சி மூலம் மனிதருக்கும் அது வரலாம் என்பது 1996-ல் தெரியவந்தது. பிரிட்டனில் மட்டும் 178 பேர் இதனால் இறந்தார்கள். இரத்தம் ஏற்றியதால் நோய் தொற்றிய சிலரையும் பின்னர் கண்டார்கள். நோய் உடம்பில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். தானம் கொடுப்பவரிடம் அதைக் கண்டுபிடிக்கச் சோதனை கிடையாது. ஆகவே சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கு என்ற நம் சிக்னல் விதியையே அவர்களும் கையாண்டார்கள்.

ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைத் தளங்களுக்கு ஒரு காலத்தில் பிரிட்டிஷ் இறைச்சியும் போயிருக்கிறது. அதனால் ஜெர்மனி முதலிய வடபகுதித் தளங்களில் 1980 முதல் 1990 வரையிலும், இத்தாலி, துருக்கி போன்ற இடங்களில் 1980 முதல் 1996 வரையிலும் ஆறு மாதம் இருந்தவர்கள் யாரும் இரத்தம் கொடுக்கக் கூடாது என்று விதி வந்தது. வீரர் மட்டுமல்ல, கூட இருந்த மனைவி மக்களுக்கும் இதே விதிதான்.

ஊருக்குள் இருக்கும் இரத்த வங்கிக்கு இது ஒரு சின்ன இழப்பு. ஒருவர் போனால் தெருவில் இன்னொருவர் கிடைப்பார். அமெரிக்க ராணுவத்துக்குத் தனி இரத்தத் திட்டம் 1952 முதல் உண்டு. அது பெரும்பாலும் படைத் தளங்களில் இருப்பவர்களையும் குடும்பத்தாரையும் நம்பியே நடப்பது. தடையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவர்களுக்கு வேறு தடை: மலேரியாவுக்காகவும், மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா என்ற நோய்க்காகவும் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. காயம் படுவதும் அவர்கள்தான். கொடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். சிவப்பணுக்களைக் குளிரில் 42 நாள்தான் வைக்கலாம். பிளேட்லெட்டுகள் சில நாளே தாங்கும். முன்கூட்டிச் சேர்த்துக் குவிக்கவும் வழியில்லை.

போர்க்களத்தில் கையிருப்பு தீர்ந்தால் பக்கத்தில் நிற்கும் தோழனிடமிருந்தே சூடாக எடுத்து ஏற்றினார்கள். 'நடமாடும் இரத்த வங்கி' என்று இதற்குப் பெயர். முழுச் சோதனைக்கு அங்கே நேரமில்லை. மாதிரியை அனுப்பிப் பின்னால் சோதிப்பார்கள். பத்து வருஷம் கழித்து வரலாம் என்ற நோயா, பத்து நிமிஷத்தில் வரப்போகும் சாவா என்ற கணக்கு அது.

கடைசியில் 2020 ஏப்ரலில், கொரோனாவால் இரத்தத் தட்டுப்பாடு வந்தபோது, படைத் தளங்களுக்கான தடையை எடுத்தார்கள். மலேரியா பகுதிக்குப் போய்வந்தவர்களின் ஓராண்டுத் தடை மூன்று மாதமானது. 2022-ல் பிரிட்டனில் தங்கியவர்களுக்கு இருந்த தடையும் நீங்கியது. மாப்பிள்ளையின் நண்பர் முதல் வாரமே போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம்.

தடை போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு பொறியாளனாக ஒன்று சொல்வேன். நடும் பலகையில், மீண்டும் என்றைக்குச் சோதித்துப் பார்ப்போம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் பாதை சரியான பிறகும் வண்டிகள் ஊர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நம் சங்கத்தின் இரத்த தான முகாமில் ஒருமுறை "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி வருவதே இல்லை. மலேரியா வந்தவருக்கு இங்கே குணமான பின் மூன்று மாதம்தான் தடை. டெங்குவுக்கு ஆறு மாதம். மஞ்சள் காமாலை என்றால் எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். சில வகைக்கு நிரந்தரத் தடை உண்டு. அதை மறைக்கவே கூடாது.

நானும் அந்த பெஞ்சிலிருந்து எழுந்து, மூன்று மாதம் கழித்துப் போய்க் கொடுத்தேன். அறுபத்தைந்து வயதுத் தடை வரும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தடைக்கு மட்டும் மறுபரிசீலனை கிடையாது! என் இடத்தில் நிற்க உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.