பெட்ரோல் எக்ஸ்1-இல் மிச்சமிருக்கும் பிஎம்டபிள்யூ எவ்வளவு?

செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூவின் தொழிற்சாலை இயங்கிவருகிறது. அந்நிறுவனத்தின் மிகச் சிறிய எஸ்யூவியான எக்ஸ்1 அங்கேதான் பொருத்தி முடிக்கப்படுகிறது. 2025 ஜனவரியில் அதே காரின் மின்சார உருவமான ஐஎக்ஸ்1-இன் நீண்ட வடிவமும் அங்கிருந்தே வரத் தொடங்கியது. அப்போது அதன் ஷோரூம் விலை 49 லட்சம் ரூபாய். பெட்ரோல் எக்ஸ்1-உம் அந்தச் சமயத்தில் ஏறத்தாழ அதே விலைதான். பொதுவாக மின்காரையும் பெட்ரோல் காரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலை வித்தியாசமே பேச்சை முடித்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஒரே பேட்ஜ், ஒரே டாஷ்போர்டு, ஏறக்குறைய ஒரே தொகை. ஆகவே எஞ்சின் வேண்டுமா, மோட்டார் வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க முடிகிறது. பெட்ரோல் பக்கம் நிற்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், "ஓட்டுவதற்கு அதுதான் சுகம், அதுதான் அசல் பிஎம்டபிள்யூ" என்பது. பெட்ரோல் எக்ஸ்1 வாங்க நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இந்தக் காரணம் அவற்றில் ஒன்றல்ல.

அசல் பிஎம்டபிள்யூ என்று எதைச் சொல்கிறோம்? நீளவாக்கில் படுத்த எஞ்சின், பின்சக்கரத்துக்குப் போகும் உந்துசக்தி, வரிசையாக ஆறு சிலிண்டர். இவைதான் அந்தப் பெயருக்குக் கிடைத்த மரியாதையின் அடித்தளம். 2009-இல் வந்த முதல் எக்ஸ்1 அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. 3 சீரிஸ் காரின் அடித்தளத்தில் கட்டப்பட்டது, வெளிநாடுகளில் ஆறு சிலிண்டரிலும் கிடைத்தது. 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் கதை மாறிவிட்டது. எஞ்சின் குறுக்குவாட்டில் திரும்பியது, அடித்தளம் மினி கார்களோடு பங்குபோடப்பட்டது, முன்சக்கர இயக்கம் வந்தது. உள்ளே இடம் கூடியது, விற்பனைக்கு அது நல்ல முடிவுதான். 2022-இல் அறிமுகமாகி 2023 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறையும் அதே வழிதான். இங்கே விற்கும் பெட்ரோல் எக்ஸ்1-இல் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். 136 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 9.2 விநாடி. குறை சொல்லும்படியான எஞ்சின் அல்ல. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 லிட்டர் டர்போவில் நான்கு சிலிண்டரும் 160 குதிரைத்திறனும் இருக்கின்றன. விலை இதில் பாதிகூட வராது. வெளிநாட்டில் 300 குதிரைத்திறன் கொண்ட எக்ஸ்1 எம்35ஐ விற்கிறது என்பது உண்மை. நம் ஊர் ஷோரூமில் சாவி வாங்குபவர் கைக்கு வருவது அதுவல்ல.

அப்படியானால் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்ததில் இழந்தது என்ன என்று கேட்பதைவிட, கிடைத்தது என்ன என்று கேட்பதே முறை. நம் சாலைகளில் வேகம் என்பது 200 கிலோமீட்டரில் பறப்பதல்ல. சென்னை கத்திப்பாராவில் பக்கத்துத் தடத்தில் ஒரு பேருந்துக்கு முன் திறக்கும் சிறு இடைவெளிக்குள் நுழைவது, இருவழிச் சாலையில் எதிரே வண்டி தெரிவதற்குள் கரும்பு லாரியைத் தாண்டுவது. 20-லிருந்து 60 வரை, 50-லிருந்து 90 வரை. நமக்கு வேண்டிய பிக்கப் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. பெட்ரோல் காரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் வரிசையாகச் சில காரியங்கள் நடக்க வேண்டும். எந்தக் கியர் என்று கணினி முடிவெடுக்க வேண்டும், ஒரு கிளட்ச் விலகி இன்னொன்று பிடிக்க வேண்டும், டர்போ சுழன்று காற்றழுத்தம் ஏற வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு நொடிகூட ஆகாது. ஆனாலும் அந்தத் தயக்கம் காலுக்குத் தெரியும். இரட்டைக் கிளட்ச் பெட்டிகள் நெரிசலில் லேசாக இடறுவதும் பலரும் அறிந்ததே. மோட்டாரில் இந்த இடைத்தரகர்கள் யாரும் இல்லை. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையும் கிடைக்கிறது, மாற்றுவதற்குக் கியரும் இல்லை. ஐஎக்ஸ்1 நீண்ட வடிவம் 100-ஐத் தொட எடுத்துக்கொள்வது 8.6 விநாடி. காகிதத்தில் பெட்ரோலைவிட 0.6 விநாடிதான் மிச்சம். ஆனால் அந்த அளவு நின்ற இடத்திலிருந்து முழுமூச்சாக மிதித்து எடுப்பது. ஓடிக்கொண்டே இருக்கும் காரில், அன்றாட நெரிசலில் தெரியும் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

இந்த மோட்டாரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பெரும்பாலான மின்கார்களின் மோட்டார்களில் அரிய மண் தனிமங்களால் ஆன நிரந்தரக் காந்தங்கள் இருக்கும். பிஎம்டபிள்யூ இதில் அவற்றைத் தவிர்த்துவிட்டு, சுழலும் பகுதிக்கே மின்சாரம் செலுத்திக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. 2025 ஏப்ரலில் சீனா இந்தக் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது உலகெங்கும் கார் தொழிற்சாலைகள் திண்டாடியதை நினைத்தால், அது எவ்வளவு முன்யோசனை என்று புரியும்.

இதற்காக ஐஎக்ஸ்1-ஐ ஸ்போர்ட்ஸ் கார் என்று தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. உண்மையிலேயே சீறும் ஐஎக்ஸ்1 ஒன்று 2023 செப்டம்பரில் இங்கே வந்தது. இரண்டு மோட்டார், நான்கு சக்கர இயக்கம், 313 குதிரைத்திறன், 100-ஐத் தொட 5.6 விநாடி. முழுதாக இறக்குமதியான அதன் விலை 66.9 லட்சம். விலையை 49 லட்சத்துக்குக் கொண்டுவர ஒரு மோட்டார் போனது, இறக்குமதிச் சுமை போனது. திறன் 204 குதிரையாகவும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டராகவும் குறைந்தன. முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. அதற்கு ஈடாகச் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு 2,800 மில்லிமீட்டர் ஆனது. அந்த நீளம் முழுக்கப் பின்சீட்டில் உட்காருபவரின் கால்களுக்கு. டிரைவர் வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளரை மனத்தில் வைத்துச் செய்த வேலை இது. அப்புறமும் காரின் பெயரோடு எம் ஸ்போர்ட் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பம்பர், சக்கரம், ஸ்டீயரிங் ஆகியவற்றின் அலங்காரத் தொகுப்பின் பெயரே தவிர, பிஎம்டபிள்யூவின் பந்தயப் பிரிவு உருவாக்கிய கார் என்று பொருளில்லை. பெட்ரோல் எக்ஸ்1-க்கும் இதே பெயர்தான்.

எடையைச் சுட்டிக்காட்டுபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தரைக்கடியில் படுத்திருக்கும் 66.4 கிலோவாட் மணி மின்கலத்தால் ஐஎக்ஸ்1 தன் பெட்ரோல் உடன்பிறப்பைவிடச் சுமார் 400 கிலோ கனம். ஐந்து பெரியவர்களை எப்போதும் ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம். அந்த எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் கார் சாய்வது குறையும். ஆனால் எடை எடைதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்க இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், திரும்பும் லாவகத்துக்காக இலகுவான பெட்ரோல் காரை எடுப்பதே சரி. டயரும் மின்காரில் சீக்கிரம் தேயும். ஆனால் மாதத்தில் எத்தனை நாள் கொல்லிமலை ஏறுகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

சத்தம் இல்லாத கார் உயிரில்லாத கார் என்பது அடுத்த ஆட்சேபம். பிஎம்டபிள்யூவும் இதற்குப் பயந்துதான் ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரை அழைத்துத் தன் மின்கார்களுக்கு ஓசை அமைக்கச் சொன்னது. ஸ்பீக்கரில் வரும் அந்த ஓசை பின்னணிப் பாட்டுக்கு நடிகர் வாயசைப்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பெட்ரோல் கார்களும் சுத்தமில்லை. எஞ்சின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் காட்டும் ஏற்பாட்டை இதே நிறுவனம் பத்தாண்டுகளுக்கு முன்பே தன் எம்5 காரில் வைத்துவிட்டது. மூன்று சிலிண்டரின் கரகரப்புக்காக மட்டும் ஒருவர் ஐம்பது லட்சம் கொடுப்பார் என்று தோன்றவில்லை. சொகுசு கார் என்றால் நாம் முதலில் எதிர்பார்ப்பது அமைதி. அதில் மோட்டாரை எந்த எஞ்சினும் நெருங்க முடியாது.

உண்மையான சிக்கல் தூரப் பயணத்தில் இருக்கிறது. இந்தியச் சோதனை முறைப்படி ஐஎக்ஸ்1 ஒரு சார்ஜில் 531 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். அதே மின்கலம் கொண்ட ஐரோப்பியக் குட்டை வடிவத்துக்கு அங்குள்ள சோதனை தரும் உச்ச அளவு 475. நெடுஞ்சாலையில் நூறில், ஏசி ஓட, ஆள் ஏறிய காரில் 350-லிருந்து 400 என்று வைத்துக்கொள்வதே விவேகம். சென்னையிலிருந்து திருச்சி ஒரே மூச்சு. மதுரைக்கு 460 கிலோமீட்டர், வழியில் ஒருமுறை நிறுத்தியாக வேண்டும். 130 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 29 நிமிடம் என்பது நிறுவனக் கணக்கு. அந்த "கிடைத்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் நெடுஞ்சாலைகளில் பரவலாகக் காணப்படுபவை 30, 60 கிலோவாட் சார்ஜர்கள். 60-இல் அதே சார்ஜுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். 30-இல் ஒன்றரை மணி நேரம். நமக்கு முன்னால் ஒரு கார் நின்றால் அதன் நேரமும் நம் தலையில். பொங்கலுக்கு முந்தைய நாள் ஊருக்குக் கிளம்புபவருக்கு இது சிறிய விஷயமல்ல. மாதம் இரண்டு முறை கோவைக்கோ நாகர்கோவிலுக்கோ அவசரமாகப் போய்வர வேண்டிய தொழில் உள்ளவர் பெட்ரோலோ, இன்னும் பொருத்தமாக டீசல் எக்ஸ்1-ஓ எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இனி பணம். வீட்டில் சார்ஜ் போட்டால் கரன்ட் பில் மலிவு என்ற வாதம் இந்த வகைக் கார் வைத்திருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. ஏசி ஓடும் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 1,000 யூனிட்டைத் தாண்டியிருக்கும். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 11.80 ரூபாய். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் என்று வைத்தால் 236 ரூபாய். பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் மைலேஜ் கொடுத்து, லிட்டர் 101 ரூபாய் என்றால் அதே தூரத்துக்கு 840 ரூபாய். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 72,000 ரூபாய் அளவில் நிற்கும். நல்ல தொகைதான். ஆனால் ஐம்பது லட்சம் போடுபவர் இதற்காக முடிவை மாற்றிக்கொள்ள மாட்டார். வழியிலுள்ள பொது சார்ஜர்களில் யூனிட் 20 ரூபாயைத் தாண்டுவதால் வெளியிலேயே சார்ஜ் போடுபவருக்கு இந்த மிச்சமும் சுருங்கும்.

பெரிய தொகை வரியில் இருக்கிறது. மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். எக்ஸ்1 போன்ற பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 49 லட்சம் ஐஎக்ஸ்1-இல் அரசுக்குப் போவது இரண்டேகால் லட்சத்தை ஒட்டிய தொகை. 50 லட்சம் விலை போட்ட பெட்ரோல் காரில் 14 லட்சத்துக்கு மேல். ஆகவே ஒரே விலை என்பது தோற்றம்தான். மின்காரில் நாம் வாங்குவது ஏறக்குறைய பதினொரு லட்சம் கூடுதல் மதிப்புள்ள பொருள். இது அரசின் சலுகை, காரின் தகுதியல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் வாங்குபவர் இன்றைய வரியில்தான் வாங்குகிறார். சலுகை நிரந்தரமில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தமிழ்நாட்டில் மின்காருக்குச் சாலை வரி விலக்கு 2023 கொள்கையின்படி 2025 இறுதிவரை என்றுதான் அறிவிக்கப்பட்டது. புக் செய்யும் அன்று ஆன்ரோடு விலையில் அந்த வரி என்னவாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள், இந்த விலையில் அது லட்சங்களில் வரும். பழைய கார் சந்தையில் மின்காரின் விலை இன்னும் நிலைபெறவில்லை என்பதும் மெய். மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருப்பதால், ஐந்தாறு ஆண்டில் விற்கும்போது அடுத்தவருக்கும் அதில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

டெஸ்ட் டிரைவ் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர் என்றால், உங்கள் பார்க்கிங் இடத்தில் சார்ஜர் பொருத்தக் குடியிருப்போர் சங்கம் அனுமதிக்குமா, அதற்கான மின்சுமை கட்டடத்துக்கு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 11 கிலோவாட் சார்ஜரில் இரவு செருகினால் காலையில் நிறைந்துவிடும். அது இல்லாமல் இந்தக் காரை வாங்கினால் தொல்லைதான் மிஞ்சும். சம்மதம் கிடைத்தால் ஐஎக்ஸ்1. கிடைக்காவிட்டால் பெட்ரோல் எக்ஸ்1 போதும். ஓட்டும் சுகம் என்ற காரணத்தை மட்டும் அதற்குச் சொல்லாதீர்கள்.