அழிக்காமல் படியெடுப்பது எப்படி?

தில்லிக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஆல்பங்கள் பலவும் ஸ்கேன் ஆகி ஹார்ட் டிஸ்கில் ஏறிவிட்டன. கரோல் பாக் வாடகை வீடு, மலை மந்திரில் குழந்தைக்கு மொட்டை, ஊரில் தாத்தாவின் சதாபிஷேகம், எல்லாம் ஒரு பெட்டிக்குள். அந்தப் பெட்டி ஒரு நாள் சுழல மறுத்தால்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருள். ஆர், எஸ், ஒய், என், சி என்ற ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகள்தான் அதன் பெயர். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் 1996-இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்டது. லினக்ஸில் எளிதாகக் கிடைக்கும். முதல் முறை எல்லாவற்றையும் படியெடுக்கும். அடுத்த முறையிலிருந்து கோப்பின் அளவையும் திருத்திய நேரத்தையும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் எடுக்கும். நெட்வொர்க் வழியே இன்னொரு ஊருக்கு அனுப்பும்போது, கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது இதன் தனிச் சாமர்த்தியம்.

இதற்கு ஐகான், மவுஸ் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். பெயருக்குப் பின் ஒரு கோடு, அதையொட்டி எழுத்துகள். பிறகு எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு முகவரிகள். கோட்டுடன் ‘ஏ’ சேர்த்தால் உள் ஃபோல்டர்களும் கோப்புகளின் தேதிகளும் அப்படியே வரும். படங்களுக்கு இது முக்கியம். இல்லையேல் எல்லாக் கோப்பும் இன்று பிறந்ததாகக் காட்டும். ‘வி’ சேர்த்தால் என்ன செய்கிறது என்று திரையில் சொல்லிக்கொண்டே போகும்.

ஆனால் எனக்குப் பிடித்த எழுத்து ‘என்’. அது ஒத்திகை. என்னென்ன நகரும், என்னென்ன அழியும் என்று பட்டியல் மட்டும் வரும். ஒரு கோப்பும் தொடப்படாது. ‘ஏ.வி.என்.’ என்று சேர்த்து ஓட்டிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பிறகு ‘என்’னை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். (ஏ.வி.எம். என்று ஞாபகம் வைத்துத் தட்டிவிடாதீர்கள்!)

ஒத்திகை எதற்கு என்றால், இரண்டு கோடு போட்டு ‘டெலீட்’ என்று ஒரு விருப்பம் இருக்கிறது. மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழித்துவிடும். இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், உண்மைதான். ஆனால் பேரன் தவறுதலாக அழித்த கல்யாணப் படங்கள், அடுத்த ஓட்டத்தில் பிரதியிலிருந்தும் போய்விடும். இணைக்காத டிஸ்க்கின் இடத்தில் ஒரு காலி ஃபோல்டர் இருந்தால், அதையே மூலமாக எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் துடைத்துவிடும். கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே. சாமிநாதையர், பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு நொந்ததை எழுதியிருக்கிறார். விதிப்படிதான் செய்தார்கள். இந்த மென்பொருளும் விதிப்படிதான் செய்யும்.

ஆகவே ‘டெலீட்’ போடுகிறவர்கள் ‘பேக்கப்’, ‘பேக்கப்-டிர்’ என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். அழிய வேண்டியவையும் மேலெழுதப்பட வேண்டியவையும் நீங்கள் சொல்லும் வேறொரு ஃபோல்டருக்கு ஒதுங்கி நிற்கும். அதை வெளியே வைத்து, ஓட்டும் தேதியையே பெயராக இடுவது என் வழக்கம்.

இன்னொன்று, சாய்கோடு. மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால் அதன் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இடாவிட்டால் ஃபோல்டரே போய் அங்கே உட்காரும். ‘டெலீட்’டோடு சேர்ந்தால் இந்தச் சின்னக் கோடு பெரிய வினை செய்யும்.

பிரதியை அதே மேஜை டிராயரில் வைக்காதீர்கள். 2016 ஏப்ரல் 26 அன்று மண்டி ஹவுஸ் அருகே தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீக்கிரையானது தில்லிக்காரர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் இரண்டாவது டிஸ்க் சென்னையில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. கோடை விடுமுறைக்குப் போகும்போது புதிதாகப் படியெடுத்த இன்னொன்றைக் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கி வந்துவிடுவோம்.