உப்புக்குள்ளே ஒரு சதுரங்கப் பலகை

ஜிசிஎஸ்ஈ வேதியியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கா? ‘உப்பின் மூலக்கூறு எது?’ என்று ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. ஒரு சோடியம், ஒரு குளோரின் என்று பலர் சோடியாக வரைவார்கள். அப்படி ஒரு சோடி உப்புக்கல்லில் இல்லவே இல்லை.

மேசையில் தோடம்பழங்களை அடுக்குங்கோ. கீழே மூன்று பழம். நடுப் பள்ளத்தில் நாலாவது. ஒரே அளவு உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது. இடத்தில் சுமார் 74 சதவீதம் நிரம்பிவிடும். தங்கம், வெள்ளி, செம்பு அணுக்களும் இப்படித்தான் அடுங்கியிருக்கின்றன.

உப்பிலும் பெரிய குளோரைடு அயனிகளுக்கு இதே ஒழுங்குதான். கொஞ்சம் விலகி நிற்கும். இடைவெளிகளில் சின்னச் சோடியம் அயனிகள் இருக்கும். ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி 6 சோடியம். வாய்பாடு சொல்வது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டுமே.

1913-இல் எக்ஸ் கதிர்கள் மூலம் இதைக் கண்டவர் லாரன்ஸ் பிராக். 1915-இல் தகப்பனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25. ஆனால் லண்டன் வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் இதை ஏற்கவில்லை. 1927-இல்கூட, இந்தச் சதுரங்கப் பலகைக் கதையைச் சாடி ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். பெரிய விஞ்ஞானிக்கே கஷ்டமாக இருந்த விஷயம். பிள்ளை தடுமாறினால் ஏசாதீங்கோ.

பூதக்கண்ணாடியில் மேசை உப்பைக் காட்டுங்கோ. குட்டிக் குட்டிக் கனசதுரங்கள் தெரியும். உள்ளே இருக்கிற ஒழுங்குதான் வெளியே அந்த வடிவமாக வருகிறது.