காரை உயர்த்திய பிறகு டயர் ஏன் மொட்டையாகிறது?

காரை நிறுத்தி ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். முன் டயரின் பட்டன்மீது உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுவென்றும் மறுதிசையில் ரம்பப் பல் போலச் சொரசொரவென்றும் இருந்தால், அந்தச் சக்கரம் நேராக உருளவில்லை. சாலையில் தேய்த்துக்கொண்டே போகிறது. வெளிப்பக்கம் புதுசு போல இருக்க, உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிக் கம்பி தெரிகிறதா? அந்த டயரோடு தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஏறவே ஏறாதீர்கள்.

ஓசூர் சிப்காட்டில் வேலை, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீடு என்று இருப்பவர்கள், வேகத்தடையில் அடி தட்டுகிறதென்று ஸ்பேசர் போட்டுக் காரை உயர்த்துகிறார்கள். வேறு சிலர் அழகுக்காக ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்துகிறார்கள். இரண்டிலும் டை ராடு, லோயர் ஆர்ம் இவற்றின் சாய்வு மாறிவிடும். அதோடு ‘டோ’வும் ‘கேம்பரும்’ மாறும். மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர்.

மொத்த டோ 3 மில்லிமீட்டர் பிசகினாலே போதும். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒவ்வொரு முன் சக்கரமும் கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வருவதற்குள், ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், அது 125 மீட்டர். ரப்பர் எங்கே போகிறதென்று இதிலிருந்தே புரியும்.

‘அலைன்மென்ட் பண்ணியாச்சு’ என்று கடையில் சொன்னாலும் கோளாறு தீராமல் போவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரத்தில் எளிதாகத் திருத்த முடிவது டோ மட்டுமே. கேம்பருக்குக் கம்பெனி வசதி கிடையாது. அதற்கென உள்ள தனி போல்ட் போட வேண்டிவரும். கார் ஒரு பக்கம் இழுப்பது பெரும்பாலும் இடது, வலது கேம்பர் அல்லது கேஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) வித்தியாசத்தால். டோவை மட்டும் திருகினால் இழுப்பு நிற்காது. ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறதென்று அதைக் கழற்றி நேராக மாட்டித் தருவது பழுதுபார்ப்பே அல்ல, மறைப்பு.

முறையான வேலை காற்றழுத்தத்தில் தொடங்கும். பிறகு பால் ஜாயின்ட், டை ராடு எண்டு, புஷ் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கடைசியில்தான் அலைன்மென்ட். திருத்துவதற்கு முன் ஒரு பிரிண்ட், பின் ஒரு பிரிண்ட், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்பிரிங் கையில் இருந்தால் அதையே திரும்பப் போட்டுவிடுவதுதான் நல்லது என்பேன்.

சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படியான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ல், தயாரிப்பாளர் தந்த மூல வடிவத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் தகராறாக வந்து நிற்கும்.

ஆனால் கடைக்காரர் வேலையைக் கெடுத்திருந்தால் கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வேலை பெங்களூரில் நடந்தது, நாம் ஓசூரில் இருக்கிறோம், அங்கே போய் யார் அலைவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போட அனுமதிக்கிறது. அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ள கடைமீது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதல் படியாக 1915 என்ற உதவி எண்ணில் பேசலாம்.

இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

எங்கே போனாலும் கேட்பது கையில் என்ன இருக்கிறது என்றுதான். ஆகவே பில் இல்லாமல் வேலை கொடுக்காதீர்கள். போட்ட சாமானின் பெயர் பில்லில் இருக்கட்டும். தேய்ந்த டயரைப் பழைய டயர்க் கடையில் தள்ளிவிடாதீர்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அந்த எண்ணையும், மொட்டையான உள்விளிம்பையும், மீட்டரில் ஓடிய கிலோமீட்டரையும் ஒரே நாளில் படம் எடுத்துவிட்டு, வழக்கு முடியும்வரை டயரை வீட்டிலேயே வைத்திருங்கள்.