மோதினால்தான் தெரியும் வாயு
ஓரியன் விண்மீன் குழுவில், சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில், ஹெர்பிக்-ஹாரோ 1, 2 என்ற இரண்டு மங்கலான ஒளித்திட்டுகள் உள்ளன. அமெரிக்காவின் ஜார்ஜ் ஹெர்பிக்கும் மெக்சிகோவின் கியெர்மோ ஹாரோவும் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே ஆராய்ந்தவை இவை. 1947க்கும் 1954க்கும் இடையில் இரண்டாவது திட்டில் புதுப் புள்ளிகள் தோன்றியதால், கண்ணெதிரே விண்மீன்கள் பிறக்கின்றனவோ என்ற எண்ணம் எழுந்தது. ஆசையைத் தூண்டும் விளக்கம்தான். நிறமாலைதான் இடம் கொடுக்கவில்லை. விண்மீனென்றால் நிறங்கள் இடைவிடாமல் தொடரும் ஒளி வலுவாக இருக்க வேண்டும். இங்கே எடுப்பாகத் தெரிந்தவையோ ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகியவற்றின் தனித்தனிக் கோடுகள். பக்கத்து விண்மீனின் ஒளியைத் தூசி சிதறடிக்கிறது என்றாலும் சிக்கல் தீராது. அந்த ஒளி விண்மீனின் நிறமாலையைத்தானே சுமந்து வரும்? 1975இல் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் இக்கோடுகளை வெடித்த விண்மீன்களின் எச்சங்களோடு ஒப்பிட்டார். ஒலியை மிஞ்சிய வேகத்தில் பாயும் வாயு மோதி எழுப்பும் அதிர்வலையே இந்த வெளிச்சம் என்பது அவர் முடிவு. பழைய படங்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டபோது, 1981இல், இரு திட்டுகளும் எதிரெதிர்த் திசையில் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் விலகுவது தெரிந்தது. நடுவில் தூசிக்குள் மறைந்திருந்த இளம் விண்மீனை 1985இல் ரேடியோ தொலைநோக்கி காட்டிக்கொடுத்தது.

இந்த அதிர்வலை விளக்கத்துக்கும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. நொடிக்கு 300 கிலோமீட்டரில் பாயும் வாயு அசையாத வாயுவில் மோதினால் வெப்பம் பத்து லட்சம் டிகிரியைத் தாண்டும். எக்ஸ் கதிர் வர வேண்டும். ஹெர்பிக்-ஹாரோ 2இன் ஒரு பகுதியில் அது உண்மையிலேயே வருகிறது. ஆனால் இதே வகையைச் சேர்ந்த ஹெர்பிக்-ஹாரோ 34 போன்றவற்றில், இளம் விண்மீனிலிருந்து பாயும் வாயுத் தாரையில் உள்ள முடிச்சுகள் எனப்படும் ஒளிப்புள்ளிகள் காட்டும் கந்தகக் கோடுகளுக்கு நொடிக்குச் சில பத்து கிலோமீட்டர் வேக மோதலே போதும். அப்படியானால் மீதி வேகம் எங்கே? நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் பேருந்து, முன்னே 70இல் போகும் லாரியைப் பின்னாலிருந்து இடித்தால், அடி 10க்கு உரியதுதான். இளம் விண்மீன் வாயுவை ஒரே சீராக வெளியேற்றுவதில்லை. பின்னால் கிளம்பிய வேகமான வாயு முன்னால் போன மெதுவான வாயுவை எட்டிப்பிடிக்கிறது. அதிர்வலையின் வலிமையைத் தீர்மானிப்பது அந்த வேறுபாடே. பேட்ரிக் ஹார்டிகன் குழுவினர் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 14 ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களைக் கோத்து, 2011இல் வெளியிட்ட அசைபடங்களில் இந்த முடிச்சுகள் நகர்ந்து உருமாறுவதைப் பார்க்கலாம்.

2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் படம்பிடித்த ஹெர்பிக்-ஹாரோ 211உம் இதையே உறுதிசெய்கிறது. அதன் உட்பகுதி வாயு நொடிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தும் மூலக்கூறுகள் சிதையாமல் இருக்கின்றன. மோதல் வேகம் அதைவிட மிகக் குறைவாக இருந்தால்தான் அது முடியும். வெளிச்சம் வேக வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், முடிச்சின் பிரகாசத்தை மட்டும் வைத்து வெளியேறிய வாயுவை எடைபோட முடியாது. மோதாமல் சீராகப் போகும் குளிர்ந்த வாயு படத்தில் இருட்டாகவே இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க, கார்பன் மோனாக்சைடின் ரேடியோ அலைகளைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.