பூட்டிய பெட்டியும் வாடகைப் பாட்டும்

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கினவனுக்கே சொந்தம் என்பது நமது நாட்டில் சிறு குழந்தைகளும் அறிந்த நியாயம். கத்தரிக்காய் விற்றவள் மறுநாள் நம் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதில்லை. கடிகாரம் விற்றவன் அதன் மூடியை நாம் திறக்கலாகாதென்று ஆணையிடுவதில்லை. ஆனால், இந்தப் பழைய நியாயம் இரண்டு பொருள்களின் விஷயத்தில் இன்று சந்தடியில்லாமல் கைவிடப்பட்டு வருகிறது. ஒன்று, நாம் கேட்கும் பாட்டு. மற்றொன்று, நாம் வேலை செய்யும் கம்ப்யூட்டர். இவை பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சாமான்கள், இவற்றைப் பற்றி ஒரு தினசரிப் பத்திரிகை கவலைப்படுவானேன் என்று எண்ணும் நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் மேலே படிக்க வேண்டுகிறோம். ஏழையின் வீட்டிலும் இன்று செல்போன்தான் பாடுகிறது. அவன் பிள்ளையின் படிப்பும் ஒரு லாப்டாப்பை நம்பி நிற்கிறது.

இந்த விவகாரத்தை வடசென்னையில் நின்று பார்ப்பதே பொருத்தமென்று நமக்குத் தோன்றுகிறது. 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். எண்ணூர் லாரி செய்து பழகிய ஊர். திருவொற்றியூர் மோட்டார் சைக்கிள் செய்து பழகிய ஊர். யந்திரத்தைக் கண்டால் அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டும் கைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. பாட்டும் இங்கே புதிதன்று. வீணை குப்பய்யரின் அன்புக்குக் கட்டுப்பட்டுத் திருவொற்றியூர் வந்த தியாகராஜ ஸ்வாமிகள், திரிபுரசுந்தரி அம்மன்மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அதே கடற்கரை ஓரத்துக் குடிசைகளிலும் சந்துகளிலும், சாவு வீட்டுத் துக்கத்திலிருந்தும் தொழிலாளியின் களைப்பிலிருந்தும் கானா என்ற பாட்டு பிறந்தது. பாட்டைப் படைப்பவனும் யந்திரத்தைப் பழுது பார்ப்பவனும் அடுத்தடுத்த வீட்டில் வசிக்கும் பிரதேசம் இது. ஆகவே, பாட்டும் யந்திரமும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கே வெறும் தத்துவ விசாரமன்று, சோற்றுப் பிரச்னை.

முதலில் பாட்டை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்மவர்களுக்காக 1969-இல் ஏற்பட்ட பர்மா பஜாரில் டேப் ரிக்கார்டரும் காஸெட்டும் வாங்காத சென்னைவாசிகள் குறைவு. நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம், அறுந்தால் ஒட்டுவோம். அந்தக் காஸெட்டை அண்ணன் தம்பிக்குக் கொடுக்கலாம்; பழைய சாமான் கடையில் விற்கலாம்; தகப்பன் இறந்தால் மகன் வைத்துக் கேட்கலாம். விற்ற கம்பெனி திவாலானாலும் அது பாடிக்கொண்டே இருக்கும்.

இன்று பாட்டு இன்டர்நெட் வழியாக வருகிறது. மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் கோடிக்கணக்கான பாட்டுக்கள் காலடியில் வந்து விழுகின்றன. சௌகரியம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால், அது சொந்தமன்று, வாடகை. அதிலும், வீட்டுக்காரன் நினைத்தபோது காலி செய்யச் சொல்லக்கூடிய வாடகை. ஹிந்தியில் பாட்டு என்று பொருள்படும் ‘கானா’ என்ற சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு 2010-இல் தொடங்கிய ஸேவை, 2022-இல் இலவசமாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, சந்தா கட்டினவர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தது. ரெஸ்ஸோ என்ற ஸேவை 2024 ஜனவரியுடன் இந்தியாவில் கடையைக் கட்டியது. 2014-இல் தொடங்கிய விங்க் என்பதும் 2024-இல் மூடப்பட்டது. வியாபாரத்தில் லாபமில்லையென்றால் மூடுவது அவரவர் உரிமை. ஆனால், இசைத்தட்டுக் கடை மூடப்பட்டபோது நம் வீட்டு இசைத்தட்டுக்கள் மாயமாக மறைந்ததில்லையே!

நாமும் இதில் ஏமாந்தவர்களில் ஒருவர். பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஸேவையில் பல வருஷங்கள் சந்தா செலுத்தி, பழைய கச்சேரிகளையும் நாடகமேடைப் பாட்டுக்களையும் தேடித்தேடி ஒரு ஜாபிதா சேர்த்து வைத்திருந்தோம். ஒரு நாள் பார்த்தால் அவற்றுள் பல மங்கிப்போய்க் கிடந்தன, தொட்டால் பாடவில்லை. காரணம் கேட்டு எழுதினோம். உரிமைதாரருடன் செய்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதென்றும், எந்தப் பாட்டையும் எந்த நேரத்திலும் எடுத்துவிடத் தங்களுக்கு அதிகாரம் உண்டென்று நாமே சம்மதித்திருக்கிறோம் என்றும் பதில் வந்தது. வக்கீல் தொழில் செய்பவராயிருந்தும் அந்த நிபந்தனைகளை அதுவரை நாம் படித்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். வக்கீலே படிக்காத ஒப்பந்தத்தைக் காசிமேட்டு மீனவரும் திருவொற்றியூர்த் தொழிலாளியும் படித்துச் சம்மதித்தார்கள் என்று சட்டம் பாசாங்கு செய்வது எவ்வளவு காலத்துக்கு?

இது நமது நாட்டின் துர்ப்பாக்கியம் மட்டுமன்று. 2009-ஆம் வருஷம் ஜூலையில் அமேஜான் கம்பெனி, தன் கிண்டில் கருவிக்கு விற்ற சில புஸ்தகங்களை, வாங்கினவர்களின் கருவிக்குள்ளிருந்தே அழித்துவிட்டது. அவ்வாறு மறைந்த புஸ்தகங்களில் ஒன்று, சர்வாதிகாரத்தைக் கண்டித்து ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ என்பது விதியின் வேடிக்கை. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால், நடுநிசியில் வீடு புகுந்து புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு, மேஜைமேல் விலையை வைத்துவிட்டுப் போகிறவனை நாம் யோக்கியன் என்று சொல்வோமா? கலிபோர்னியா ராஜ்யத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமுலில் இருக்கிறது. கொடுப்பது வெறும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல், இத்தகைய பொருள்களுக்கு ‘வாங்குங்கள்’ என்ற சொல்லை உபயோகிக்கலாகாது என்பது அதன் சாரம். வாடகையை விற்பனை என்று சொல்லாதே என்பதற்கே ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது!

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பழைய காலத்தில் கானாப் பாடகனை எந்த இசைத்தட்டுக் கம்பெனி வாசற்படி ஏற்றியது? எண்ணூர்க் கழிமுகம் அழிவதைப் பற்றி, சென்னையின் பேச்சுத் தமிழில் கபேர் வாசுகி எழுதி டி. எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடிய ‘பொறம்போக்கு’ப் பாட்டு, 2017 ஜனவரியில் யூடியூப் மூலமாகவே ஜனங்களைச் சென்றடைந்தது. ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடி, 2020-ஆம் வருஷத்து பி.பி.ஸி.யின் நூறு பெண்கள் வரிசையில் இடம்பெற்றார். சபாக்களின் தயவும் கம்பெனிகளின் தயவும் இல்லாமல் ஏழையின் குரல் உலகத்துக்குக் கேட்கிறதென்றால், அந்தப் பெருமையில் புதிய யந்திரத்துக்கும் பங்குண்டு. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், குரல் கேட்டால் போதுமா? கூலி வரவேண்டாமா? இந்த ஸேவைகள் பெரும்பாலும் கணக்குப் போடும் முறை இது: சந்தாவும் விளம்பரமும் ஒரே உண்டியலில் விழுகின்றன; மொத்தம் கேட்கப்பட்ட தடவைகளில் யாருடைய பாட்டு எத்தனை பங்கு என்று பார்த்து அது பிரிக்கப்படுகிறது. ஆகவே, தண்டையார்பேட்டை ரஸிகர் ஒருவர் மாதம் முழுதும் தம் தெருப் பாடகனையே கேட்டாலும், அவருடைய சந்தாவின் பெரும்பகுதி பிரபல சினிமாப் பாட்டுக்களுக்கே போய்ச் சேருகிறது. ஸ்பாட்டிஃபை கம்பெனியோ 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கே இல்லை என்று வைத்துவிட்டது. பணப் பெட்டியில் விழுந்த செப்புக் காசுகளை எண்ணச் சோம்பல்பட்டு, வெள்ளி கொண்டுவந்தவனுக்கே அவற்றையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது இது.

2012-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாட்டெழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தது; பாடுபவருக்கும் உரிமை உண்டென்றது. நல்ல சட்டம். ஆயினும் பிணக்கு வந்தபோது கோர்ட்டில் நின்றவர்கள் யார்? டிப்ஸ் கம்பெனிக்கும் விங்க்குக்கும் நடந்த வழக்கில், ரேடியோவுக்குள்ள சட்டபூர்வமான லைசென்ஸ் சலுகை இன்டர்நெட் ஸேவைகளுக்குச் செல்லாது என்று 2019-இல் பம்பாய் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 2022-இல் டிவிஷன் பெஞ்சும் அதை ஊர்ஜிதம் செய்தது. தீர்ப்பைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால், அது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடந்த வழக்கு. பாடினவன் வழக்கு போட ஸ்டாம்புக் கட்டணத்துக்கே வழி தேடவேண்டும்.

இனி, பாட்டைப் பாடும் பெட்டிக்கு வருவோம். 1977-இல் வந்த ஆப்பிள்-2 கம்ப்யூட்டரின் மூடியைக் கையாலேயே தூக்கிவிடலாம். உள்ளே புதிய பலகைகளைச் செருக எட்டு இடங்கள் இருந்தன. 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட கம்ப்யூட்டருக்கு மின்சுற்றுப் படங்களே புஸ்தகமாக அச்சிட்டு விற்கப்பட்டன. அந்தத் திறந்த மனப்பான்மையால்தான் உலகெங்கும் சின்னக் கம்பெனிகளும் தெருமுனை மெக்கானிக்குகளும் அந்தத் தொழிலில் பிழைத்தார்கள். அதே ஆப்பிள் கம்பெனி 1984-இல் கொண்டுவந்த மாக்கின்டாஷுக்கோ, சாதாரண ஸ்க்ரூ டிரைவர் நுழையாத திருகுகள் போடப்பட்டன. 2012-இல் வந்த அதன் மெல்லிய லாப்டாப்பில் ராம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. பாட்டரி பசைபோட்டு ஒட்டப்பட்டது. ஒருவர் காட்டிய வழியில் மற்றவர்களும் சென்றார்கள். சில கருவிகளில் அசல் உதிரிப் பாகத்தையே மாற்றிப் போட்டாலும், அதன் நம்பர் கம்பெனியின் கணக்கில் ஒத்துப்போகாவிட்டால் அது வேலை செய்ய மறுக்கிறது.

நமது காரியாலயத்து லாப்டாப் ஒன்று பழுதானபோது திருவொற்றியூர் தேரடி அருகே சிறு கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். முப்பது வருஷங்களாக ரேடியோவும் டெலிவிஷனும் பழுது பார்த்த கை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தொறந்தா ஒடையும் சார், ஒடைஞ்சா சேராது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் முகத்தில் கண்டது நஷ்டத்தின் வருத்தமன்று. தெரிந்த தொழிலைச் செய்யவொட்டாமல் தடுக்கப்பட்ட அவமானம். அந்த முகமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மெல்லியதாக வேண்டும், தண்ணீர் புகாமலிருக்க வேண்டும், திருடன் கையில் சிக்கினால் ரகசியம் போகாமலிருக்க வேண்டும், அதனால்தான் பெட்டியை மூடுகிறோம் என்று கம்பெனிகள் சமாதானம் சொல்லுகின்றன. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், 2021-இல் வந்த ஃபிரேம்வொர்க் என்ற லாப்டாப், மெல்லியதாகவும் இருந்துகொண்டு, ஒரே ஸ்க்ரூ டிரைவரால் பிரிக்கக்கூடியதாகவும் இருக்கிறது. ஆகவே, முடியாதென்பது சரியன்று. மனமில்லை என்பதே சரி.

நமது தேசீய இயக்கம் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. 1929-இல் அகில பாரத சர்க்கா சங்கம், சிறந்த கைராட்டினம் ஒன்றைச் செய்பவருக்கு ஒரு லக்ஷம் ரூபாய் பரிசு என்று அறிவித்தது. விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. அவ்வப்போது சீர்படுத்தினால் இருபது வருஷம் நிற்காமல் ஓட வேண்டும். தேய்ந்த பாகங்களை மாற்றும் செலவு வருஷத்துக்கு யந்திர விலையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது என்பவை நிபந்தனைகளில் சில. பரிசு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. எனினும், ஏழை வீட்டு யந்திரம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல இலக்கணம் இன்றளவும் நமக்குத் தெரியாது. காந்தியடிகள் யந்திரத்தை வெறுத்தவர் என்பார் உண்டு. தையல் யந்திரத்தை அவர் மனமாரப் புகழ்ந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மனிதன் யந்திரத்தை ஆளவேண்டும், யந்திரம் மனிதனை ஆளலாகாது என்பதே அவருடைய கக்ஷி.

மத்திய சர்க்கார் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அதற்கென இணையத்தில் ஒரு வாயிலும் திறந்தது. செல்போன் முதலிய கருவிகள் எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத் தக்கவை என்று மதிப்பெண் இடுவதைப் பற்றி 2025-இல் மற்றொரு குழு அறிக்கை கொடுத்தது. இவை நல்ல ஆரம்பங்கள், ஆனால் கட்டளைகளல்ல. ஐரோப்பிய யூனியனிலோ 2027 பிப்ரவரி 18 முதல் விற்கும் சிறு கருவிகளின் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்றக் கூடியதாயிருக்க வேண்டும் என்று சட்டமே செய்துவிட்டார்கள்.

நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, தமிழ்நாட்டு சர்க்கார் 2011 முதல் 50 லக்ஷத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளை மாணவர்களுக்கு வழங்கியிருக்கிறது. 2025-இல் மேலும் 20 லக்ஷம் என்று அறிவித்தது. இவ்வளவு பெரிய கொள்முதல்காரர் வாயைத் திறந்தால் கம்பெனிகள் கேட்கும். பாட்டரியும் ராமும் கழற்றி மாற்றக் கூடியவையாக இருக்க வேண்டும், உதிரிப் பாகமும் விளக்கப் புஸ்தகமும் பல வருஷங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஷரத்து ஒவ்வொரு டெண்டரிலும் இருக்கட்டும். இரண்டாவது, வாடகையை விற்பனை என்று சொல்லுவதை இந்தியாவிலும் தடுக்க வேண்டும். ஸேவை மூடப்பட்டால், விலை கொடுத்தவனுக்குப் பாட்டோ பணமோ திரும்ப வேண்டும். மூன்றாவது, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி ஒருதலையாக ரத்து செய்யும் ஒப்பந்தங்களை அநியாய ஒப்பந்தம் என்கிறது. ஆனால், அதற்குப் பரிகாரம் தேட மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்கே போகவேண்டும். சொற்பச் சந்தாக்காரன் அவ்வளவு தூரம் போவானா? அந்த அதிகாரத்தை மாவட்டத்துக்கும் அளிக்க வேண்டும். நான்காவது, பாட்டின் பங்குக் கணக்கு பாடினவனுக்குத் தெரியும்படி பகிரங்கமாக இருக்க வேண்டும். ஒரு காசானாலும் அவன் காசு அவனுக்கே சேரவேண்டும்.

இந்தியாவிலே பூட்டப்பட்ட பெட்டி என்பதனால் மட்டும் ஒரு பொருள் சுதேசி ஆகிவிடாது. இந்தியன் கை திறந்து பார்த்து, தெரிந்துகொண்டு, செப்பனிடக் கூடியதாயிருந்தால்தான் அது சுதேசி. ராயபுரத்துப் பையன் கெட்டுப்போன கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்கட்டும். அவன் அக்காள் பாடும் கானா அவளுக்கே நாலு காசு சம்பாதித்துக் கொடுக்கட்டும். இந்த இரண்டுக்கும் இடங்கொடாத முன்னேற்றம் எவ்வளவு பளபளப்பாயிருந்தாலும், அது நம் வீட்டில் பிறர் வைத்துப் பூட்டிய பெட்டியே. சாவி நம் கையில் இல்லை. அந்தச் சாவியைக் கேட்டு வாங்குவது நமது கடமை.